சாயவேரின் சிவப்பு – கடிதம்

வணக்கம் ஐயா,

சோழமண்டலக் கரையின் துணி வணிகம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் சிவப்புச் சாயம் தரும் சாயவேருக்கு இரண்டு வரிதான் கொடுத்திருந்தீர்கள். சென்ற வருடம் லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஓர் அருங்காட்சியகத்தில் 18-ஆம் நூற்றாண்டுச் சீட்டித் துணி ஒன்றைப் பார்த்தேன். துணி முழுக்க ஒரே மரம், கிளைக்குக் கிளை பூக்கள். பூக்களின் சிவப்பு நேற்றுப் போட்டது போல இருந்தது. ஆனால் இலைகள் எல்லாம் நீலம். “நம்ம ஊர் ஆட்களுக்கு இலை பச்சை என்று தெரியாதா?” என்று மகள் கேட்டாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த குறிப்பு அது கையால் தீட்டப்பட்டது என்றது. இத்தனை காலம் மங்காத சிவப்பை எப்படித் தீட்டினார்கள்? வெள்ளைக்காரப் பாதிரி ஒருவர் இந்த ரகசியத்தைத் திருடிப் போனதால்தான் நம் சாயவேர்த் தொழில் அழிந்தது என்றும் எங்கோ படித்தேன். உண்மையா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

மகளிடம் சொல்லுங்கள், அந்த இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. இலை வரும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி, துணியை அவுரித் தொட்டியில் முக்குவார்கள். இலை நீலமாகும். எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியாக அந்த நீலத்தின்மேல் மஞ்சளைத் தூரிகையால் பூசினால் பச்சை. அந்த மஞ்சள் வெளிச்சம் தாங்காது. இருநூறு வருடத்தில் அது போய்விட்டது, அடியிலிருந்த நீலம் தங்கிவிட்டது.

சிவப்பு விஷயம் வேறு. அதை யாரும் தீட்டவே இல்லை. பூ வரவேண்டிய இடத்தில் ஓவியர் தீட்டியது படிகாரத் தண்ணீர். அதற்கு நிறம் கிடையாது. எங்கே தீட்டினோம் என்று அவர் கண்ணுக்கே தெரியாது என்பதால், அடையாளத்துக்காக அதில் கொஞ்சம் பதங்கம் என்ற மரக்கட்டையின் சிவப்புச் சாயத்தைக் கலந்துகொள்வார்கள். அது பின்னால் போய்விடும். அப்புறம் முழுத் துணியையும் சாயவேர் போட்ட கொப்பரையில் வேகவைப்பார்கள். வெளியே எடுக்கும்போது துணி மொத்தமும் அழுக்குச் சிவப்பாக, கெட்டுப்போனது போல இருக்கும். சாணம் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, வெயிலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் சில நாட்களில் மற்ற இடமெல்லாம் வெளுத்துவிடும். படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிற்கும். படிகாரத்தை நீர்க்கக் கரைத்தால் இளஞ்சிவப்பு, கெட்டியாகக் கரைத்தால் இரத்தச் சிவப்பு. ஒரே கொப்பரையிலிருந்து பூவின் நடுவும் ஓரமும் இரண்டு சிவப்பாக வருவது இப்படித்தான்.

இதைப் படித்தபோது எனக்கும் முழு நம்பிக்கை வரவில்லை. சாயவேரும் சித்த மருத்துவத்தில் இரத்த வாந்திக்குக் கொடுக்கும் இம்பூறலும் ஒரே செடிதான். நாட்டு மருந்துக் கடையில் வேரோடு காய்ந்த செடியாக ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். வேர் கனத்த நூல் அளவுதான் இருக்கிறது. நகத்தால் கீறினால் தோல் ஆரஞ்சு, உள்ளே வெளிறிய நார். சாயமெல்லாம் அந்தத் தோலில். ஒரு பழைய கைக்குட்டையைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தேன். டீ கொட்டிய கறை போல ஒரு பழுப்புதான் வந்தது. சரி, கதை விட்டிருக்கிறார்கள் என்று பிழிந்து உதறினால், ஒரு மூலையில் ரூபாய் நாணயம் அளவுக்குச் செங்கல் சிவப்பில் ஒரு வட்டம். கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் புரிந்தது. சவரம் செய்தபின் முகத்தில் தேய்க்கும் படிகாரக் கல்லை ஈரத்தோடு அந்தக் கைக்குட்டையின்மேல்தான் வைப்பேன்.

படிகாரம் பருத்தி நூலைச் சரியாகப் பிடித்துக்கொள்ள, துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து ஊறவைக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தைப் பிடித்துவைக்கும். பாலின் கொழுப்பு, தீட்டிய கோடு ஊறிப் பரவாமல் பார்த்துக்கொள்ளும். இதை முதலில் யார் கண்டுபிடித்தாரோ, கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

இனி உங்கள் பாதிரியார். அவர் கெர்தூ என்ற பிரெஞ்சு சேசு சபைத் துறவி. சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் உறவு மொழிகள் என்று வில்லியம் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞருக்கு முன்பே எழுதினாரே, அவரேதான். புதிதாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த துணி ஓவியர்களிடம் கேட்டு, இந்த வேலை முழுவதையும் 1742-இல் ஒரு கடிதமாக எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். அது அச்சிலும் வந்தது. அவருக்குச் சில வருடங்கள் முன்பே போலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு சேர்த்துவைத்தார். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிஸில் இருக்கின்றன. ஆகவே தொழில் உளவு நடந்தது உண்மை. அதற்குத் தேவையும் இருந்தது. நம் சீட்டித் துணியைத் தாங்க முடியாமல் 1686-இல் பிரான்ஸ் அதற்குத் தடை போட்டது, 1721-இல் இங்கிலாந்து உடுத்துவதையே தடுத்துச் சட்டம் போட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பு லண்டன் நெசவாளர்கள் தெருவில் போகும் பெண்களின் சீட்டி உடைகளைக் கிழித்துக் கலவரமே செய்தார்கள்.

ஆனால் கடிதம் போனதால் சாயவேர் அழிந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். ஐரோப்பாவில் மஞ்சிட்டியின் உறவுச் செடி ஒன்று ஏற்கெனவே இருந்தது, மேடர் என்பார்கள். அதன் வேரில் இருப்பதும் சாயவேரில் இருப்பதும் அலிசரின் என்ற ஒரே சிவப்புச் சாயப்பொருள்தான். அவர்களுக்கு வேர் தேவைப்படவில்லை, பருத்தியில் நிறத்தை நிறுத்தும் கைப்பக்குவம்தான் தேவைப்பட்டது. அதைக் கற்றுக்கொண்ட பிறகும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இங்கே சாயவேர் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். இயந்திரத்தில் அச்சடித்த மலிவுத் துணி வந்து நம் ஓவியர்களின் சந்தையைத் தின்றது வேறு கதை. வேருக்கு முடிவு வந்தது 1868-இல். பெர்லினில் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு வேதியியலாளர்கள் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு அதே அலிசரினைச் செய்துவிட்டார்கள். அடுத்த வருடம் ஜெர்மன் கம்பெனி ஒன்றும் லண்டனில் பெர்கின் என்ற வேதியியலாளரும் மலிவாகச் செய்யும் முறைக்கு ஒரு நாள் இடைவெளியில் காப்புரிமை கேட்டார்கள். அதற்குப்பின் மணலைத் தோண்டி நூல் போன்ற வேரைப் பொறுக்குவது யாருக்குக் கட்டும்? பிரான்சின் மேடர் விவசாயிகளும் அதே வேகத்தில்தான் மூழ்கினார்கள்.

தோண்டியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் வருத்தம். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் டச்சுக் கம்பெனி சாயவேரைத் தன் தனியுரிமையாக வைத்துக்கொண்டு, தோண்டுவதைச் சில சாதியார்மேல் கட்டாயக் கடமையாகச் சுமத்தியது. அருங்காட்சியகக் குறிப்புகளில் ஓவியருக்கே பெயர் கிடையாது, வேர் தோண்டியவருக்கு எங்கே இருக்கப்போகிறது?

இந்தச் சிவப்பின் உச்சம் ஏற்றுமதித் துணியில் இல்லை என்பது என் கட்சி. தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்காகக் கோடாலிக் கருப்பூரில் நெய்த சேலைகளைத் தேடிப் பாருங்கள். தங்க ஜரிகை போட்டு நெய்து, அதன்மேல் மெழுகால் கோலம் எழுதிச் சிவப்பேற்றியிருப்பார்கள். தங்கம் பளிச்சிடாது, சிவப்புக்குள்ளிருந்து மெல்லக் கசியும். கையில் தங்கம் இருந்தும் அதை இப்படி அடக்கிவைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

மறுபடி லண்டன் போனால் அந்தத் துணியின் ஓரத்தைப் பாருங்கள். மடித்துத் தைத்த இடம் ஏதாவது பிரிந்திருந்தால், வெளிச்சம் படாத அந்த விரலகலத்தில் இலை இன்னும் பச்சையாக இருக்க வாய்ப்புண்டு. மகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

அன்புடன்