டெஸ்ட் எல்லாம் நார்மல். ஆனாலும் நெஞ்சு வலிக்கிறதே?

கேள்வி: எனக்கு வயது 36. மூன்று மாதமாக இடது மார்பில் அவ்வப்போது சுருக்கென்று குத்துகிறது. சில நாள் லேசாக அழுத்துவது போலவும் இருக்கும். வேலை நெருக்கடியின்போதும், இரவு படுத்த பிறகும்தான் அதிகம். இசிஜி, எக்கோ, டிரெட்மில் மூன்றும் பார்த்தாகிவிட்டது. எல்லாம் நார்மல், டென்ஷன்தான் என்கிறார் டாக்டர். சர்க்கரை, ரத்த அழுத்தம் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு முறை குத்தும்போதும் இது ஹார்ட் அட்டாக்கோ என்று உடம்பே நடுங்கிவிடுகிறது. டென்ஷனால் நிஜமாகவே நெஞ்சு வலிக்குமா? அந்த நேரத்தில் என்ன செய்வது?

பதில்: நிஜமாகவே வலிக்கும். "எல்லாம் மனசுதான்" என்று யாராவது சொன்னால் வலியே பொய் என்று அர்த்தமில்லை. பதற்றத்தில் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கிறது. விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தசைகள் இறுகுகின்றன. மணிக்கணக்கில் இறுகிக் கிடக்கும் தசை வலிக்காமல் என்ன செய்யும்? மூச்சும் மேலோட்டமாக, வேகமாக ஓடும். அப்போது ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கு மேல் குறைந்துவிடுகிறது. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவது, தலை கிறுகிறுப்பது, எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதாத மாதிரி இருப்பது எல்லாம் இதனால்தான். போதவில்லையே என்று இன்னும் வேகமாக இழுப்போம், நிலைமை இன்னும் மோசமாகும்.

இது இந்தக் காலத்து நோயும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சிரைப்பு என்று வந்த படைவீரர்களைப் பரிசோதித்த ஜேக்கப் மெண்டஸ் டகோஸ்டா என்ற மருத்துவர், இதயத்தில் கோளாறு எதுவும் தென்படாமலே இத்தனை தொல்லை வருவதை 1871இலேயே விவரித்து எழுதியிருக்கிறார்.

ஆனால் ஒன்று. பதற்ற வலி என்ற முடிவு, இதயத்தைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு வர வேண்டியது. நீங்கள் அந்தப் படியைத் தாண்டிவிட்டீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்கள், அறிகுறி பொருந்துகிறதே என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. பொதுவாக, விரல் வைத்துக் காட்ட முடிகிற குத்தல், சில நொடியில் மறையும் வலி, அழுத்தினால் கூடும் வலி ஆகியவை இதயத்திலிருந்து வருவது குறைவு. நடக்கும்போதோ படி ஏறும்போதோ நடு நெஞ்சில் பாரமாக அழுத்தி, நின்றால் சில நிமிடத்தில் விடுவது இதய வலியின் வழக்கமான அடையாளம். இவை எல்லாம் 'பொதுவாக' மட்டும்தான். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலி பெரிதாக இல்லாமல் மூச்சுத் திணறல், குமட்டல், திடீர்ச் சோர்வு என்று மாரடைப்பு வரலாம். முதலில் எடுத்த இசிஜி சரியாக இருந்தும், சில மணி நேரம் விட்டு எடுக்கும் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) ரத்தப் பரிசோதனையில் மாரடைப்பு தெரியவருவதும் உண்டு.

அதனால் நெஞ்சில் அழுத்தம் 15 நிமிடம் கடந்தும் விடவில்லை, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிறது, குளிர்ந்து வியர்க்கிறது, மயக்கம் வருகிறது, இவற்றில் எது ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். உங்களுக்கும் இது பொருந்தும்: டென்ஷன் ஆள் என்று பெயர் வாங்கியவருக்கும் பின்னாளில் இதய நோய் வரலாம். வலியின் தன்மை மாறினால் மறுபடி காட்ட வேண்டும். அதே பழைய குத்தலுக்கு வாரம் ஒரு இசிஜி எடுப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு நார்மல் ரிப்போர்ட்டும் இரண்டு நாள் நிம்மதி தரும், அப்புறம் சந்தேகம் பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரி, வழக்கமான குத்தல் வந்துவிட்டது. உட்காருங்கள், தோளைத் தளர விடுங்கள். "ஆழமா மூச்சை இழு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். அதைச் செய்யாதீர்கள், ஏற்கெனவே அதிகமாகத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் மூச்சை வெளியே விடுங்கள். பிறகு மூக்கு வழியாக 4 எண்ணும் வரை மெதுவாக உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே. வயிறு எழும்பித் தாழ வேண்டும், மார்பு அதிகம் அசைய வேண்டாம். ஐந்து நிமிடம் இப்படியே. காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டவே வேண்டாம்; இதயமோ நுரையீரலோ காரணமாக இருந்துவிட்டால் அது ஆபத்து. பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாக இறங்கும். அந்தப் பத்து நிமிடமும் நாடி பார்ப்பது, ஸ்மார்ட்வாட்சை வெறிப்பது, போனில் தேடுவது மூன்றையும் தவிர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. டிரெட்மில்லில் நன்றாகவே ஓடியிருக்கிறீர்கள். வலி லேசானதும் எழுந்து பார்த்துக்கொண்டிருந்த வேலையைத் தொடரலாம்.

இரவு படுத்த பிறகு வலி கூடுகிறது என்கிறீர்களே, அதைக் கொஞ்சம் தனியாகப் பார்க்க வேண்டும். சத்தமெல்லாம் அடங்கியபின் கவனம் முழுக்க நெஞ்சின் மேல் குவிவது ஒரு காரணம். இரைப்பை அமிலம் மேலே ஏறுவது இன்னொன்று; இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். எரிச்சலோ புளிச்ச ஏப்பமோ உண்டா என்று கவனியுங்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்து, கட்டிலின் தலைமாட்டைச் சற்று உயர்த்திப் பாருங்கள். காபியையும் குறைக்கலாம், சிகரெட் இருந்தால் விட்டே ஆக வேண்டும். இதுவரை பார்க்கவில்லை என்றால் தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இவற்றில் கோளாறு இருந்தாலும் படபடப்பு வரும்.

சில வாரத்தில் குறையவில்லை என்றால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்கலாம். பயத்தைத் தூண்டும் எண்ணங்களையும் அடிக்கடி பரிசோதித்துக்கொள்ளும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இந்த வகை வலிக்கு நன்றாகவே உதவுகிறது. மாத்திரை தேவைப்பட்டால் அது முழுதாக வேலை செய்யச் சில வாரம் ஆகும். நான்கே நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். உடனே பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை, தெரிந்தவர் கொடுத்தார் என்று வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். பழகிவிட்டால் விடுவது கஷ்டம். திடீரென நிறுத்தினாலும் பதற்றம் முன்னைவிட அதிகமாகத் திரும்பும்.

அடுத்த முறை உங்கள் டாக்டரிடம் இன்னொரு டெஸ்ட் கேட்பதற்குப் பதிலாக, "எந்த மாதிரி வலி வந்தால் நான் உடனே வர வேண்டும்?" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.