ஒட்சிசன் குறைந்தால் கலம் என்ன செய்யும்? வாசகர் கேள்விகள்

ஒட்சிசன் குறைந்தால் கலம் புரதம் செய்வதையே நிறுத்திவிடுமா? (உயர்தர மாணவி, கிளிநொச்சி)

முழுக்க நிறுத்தாது. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. ஒரு அமினோ அமிலத்தைச் சங்கிலியில் கோக்கவே நான்கு ஏ.ரி.பி. (கலத்தின் சக்தி நாணயம்) அளவு சக்தி செலவாகும். ஒட்சிசன் இல்லாவிட்டால் ஒரு குளுக்கோசிலிருந்து தேறுவது 2 ஏ.ரி.பி. மட்டும். அந்த வருமானத்தில் பழைய செலவு கட்டுமா? எம்ரோர் என்ற கட்டுப்பாட்டுப் புரதம் மந்தமாகி, பெரும்பாலான புரதங்களின் உற்பத்தி குறையும். குளுக்கோசை உள்ளே இழுக்கும் புரதம், புதுக் குருதிக்குழாய் வளர்க்கும் காரணி போன்ற சிலவற்றுக்கு மட்டும் வழி விடப்படும்.

ஒட்சிசன் குறைந்ததைக் கலம் எப்படி அறிகிறது? (மல்லாவி வாசகர்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஹிஃப் ஆல்பா என்ற புரதத்தைக் கலம் எந்நேரமும் செய்துகொண்டே இருக்கும், உடனுக்குடன் அழித்துக்கொண்டும் இருக்கும். பார்த்தால் வீண்வேலை. ஒட்சிசன் இருக்கும்போது, ஒரு நொதியம் அந்த ஒட்சிசனையே எடுத்து ஹிஃபில் ஓர் அடையாளம் ஒட்டும். அதைக் கண்டு வி.எச்.எல். புரதம் பிடித்துக்கொடுக்க, கலத்தின் கழிவு அரைக்கும் இயந்திரம் சில நிமிடங்களில் அரைத்துவிடும். ஒட்சிசன் குறைந்தால் அடையாளம் ஒட்டப்படாது. ஹிஃப் பெருகி, கருவுக்குள் போய், தேவையான பரம்பரையலகுகளை முடுக்கிவிடும். இரணைமடுக் குளத்துக்கு வரத்து இருக்கும்போது வான்கதவைப் பூட்டினால் நீர்மட்டம் ஏறுமே, அப்படித்தான். புதிதாகச் செய்யத் தொடங்குவதைவிட அழிப்பதை நிறுத்துவது சுறுசுறுப்பான வழி. இந்த வழியைக் கண்டுபிடித்த கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்பாவுக்குச் சிறுநீரக நோய். இரத்தம் குறைவு என்கிறார்கள். என்ன தொடர்பு? (வவுனியா)

செங்குருதிக்கலங்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின், ஹிஃபின் ஏவலில் முக்கியமாகச் சிறுநீரகத்தில்தான் உருவாகிறது. சிறுநீரகம் பழுதானால் அது போதாமல் போகும். அதனால்தான் பலருக்கு அந்த ஊசி. அப்புறம், இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஊசியும் சரியாக வேலை செய்யாது. வைத்தியரிடம் அதையும் கேளுங்கள்.

காலபோக வெள்ளத்தில் ஒரு வாரம் மூழ்கிய நெல் சில வயலில் பிழைக்கிறது, சிலதில் அழுகுகிறது. ஏன்? (முத்தையன்கட்டு விவசாயி)

மூழ்கிய நெல்லுக்கும் ஒட்சிசன் தட்டுப்பாடுதான். தண்ணீரின் தெளிவு, பயிரின் வயது எல்லாம் சேரும். ஆனாலும் இனம் பெரிய காரணம். பல இனங்கள் தலையை வெளியே நீட்ட அவசரமாக வளர்ந்து, மாப்பொருளைத் தீர்த்துவிடும். சப்1ஏ என்ற பரம்பரையலகு உள்ளவை வளர்ச்சியை அடக்கி, சேமிப்பைக் காத்துக்கிடக்கும். வெள்ளம் வடிந்ததும் துளிர்க்கும். இது 2006இல் ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ நெல்லிலிருந்து அடையாளம் காணப்பட்டது. நம் நாட்டின் கொடஹீனட்டி போன்ற பழைய இனங்களுக்கும் மூழ்கித் தாங்கும் குணம் உண்டு.