பெயரும் கையெழுத்தும் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு 36 வயது, ஊர் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர். எட்டு வருடமாக மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். மாகாண சபைத் தேர்தல் வந்தால் தங்கள் பட்டியலில் நிற்கும்படி ஒரு கட்சியினர் கேட்கிறார்கள். “பெயரும் கையெழுத்தும் தந்தால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம்” என்கிறார்கள். கணவருக்குச் சம்மதம், மாமிதான் வேண்டவே வேண்டாம் என்கிறார். ஊர்க் காணிப் பிரச்சினையையும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இல்லாததையும் பேச வேண்டுமென்று எனக்கு ஆசை. நிற்கலாமா?

பதில்: நில்லுங்கள் தங்கச்சி. ஆனால் “பெயரும் கையெழுத்தும் போதும்” என்று சொல்கிறவர்களை நம்பி நிற்காதீர்கள். உள்ளூராட்சித் தேர்தல் ஒன்றில் நானும் அப்படிக் கையெழுத்து வைத்தவள்தான், அதற்குப் பிறகு ஒரு கூட்டத்துக்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை. சுவரொட்டியில் என் படமே இல்லை. பெண் பெயர் ஒன்று தேவைப்பட்டது, கிடைத்ததும் என்னை மறந்துவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள், விஷயம் விளங்கும். கிழக்கு மாகாண சபையின் 37 ஆசனங்களில் திருகோணமலை மாவட்டத்துக்கு 10. கடைசியாக 2012 செப்டம்பரில் நடந்த தேர்தல் முறைப்படி ஒரு கட்சி ஆசன எண்ணிக்கையோடு மூன்று கூட்டி 13 பேரை நிறுத்த வேண்டும். அந்தத் தேர்தலில் இந்த மாவட்டத்தில் அதிக வாக்கு எடுத்த தமிழரசுக் கட்சிப் பட்டியலுக்கே கிடைத்தது 3 ஆசனம், அதாவது வென்ற பட்டியலிலேயே பத்துப் பேர் வீட்டுக்குப் போனார்கள். யார் உள்ளே யார் வெளியே என்பதை விருப்பு வாக்குத்தான் முடிவு செய்கிறது. கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு ஒரு வாக்காளர் அந்தப் பட்டியலில் தனக்கு விருப்பமான மூன்று வேட்பாளர்களின் இலக்கங்கள் வரை புள்ளடி போடலாம். ஆகவே உங்களுக்குப் போட்டி எதிர்க்கட்சிக்காரர் மட்டுமில்லை, அதே மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும்தான். சம்பூர் வாக்கை மட்டும் வைத்து இதில் தப்ப முடியாது. மூதூர்ப் பக்கம், வெருகல், தம்பலகாமம், நிலாவெளி, நகரம் என்று எல்லா இடத்திலும் உங்கள் இலக்கத்தைச் சொல்லி வாக்குக் கேட்க யாராவது வேண்டும். உங்களுக்கு அந்த வசதி ஓரளவு இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் மாதர் சங்கம் இல்லாத கிராமம் குறைவு, எட்டு வருடத்தில் பயிற்சிக்கும் கூட்டத்துக்கும் போய் நீங்கள் பழகிய செயலாளர்களின் தொலைபேசி இலக்கங்கள் கட்சிக்காரரிடம் இல்லை, உங்களிடம் இருக்கின்றன.

காணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் காணி மாகாணத்துக்கு என்று எழுதியிருந்தாலும் அரச காணியில் கடைசிக் கையெழுத்து இன்றைக்கும் கொழும்பில்தான். “காணியை மீட்டுத் தருவேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டால், இடம்பெயர்ந்து பத்து வருடம் காத்திருந்து திரும்பி வந்த சனத்தின் முகத்தை அடுத்த முறை பார்க்க ஏலாது. அதைப் பற்றிச் சபையில் பேசுவேன் என்று மட்டும் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் வேறு கதை. தேசிய பாடசாலைகள் தவிர்ந்த மற்றவை மாகாணத்தின் கீழ்தான் வருகின்றன, ஆசிரியர் இடமாற்றமும் மாகாணக் கல்வி அமைச்சும் நேரடியாகச் சபை கேள்வி கேட்கக்கூடிய விஷயங்கள். எந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை என்று இப்போதே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்.

அவகாசம் இருக்கிறது. சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அந்த வருடமே தேர்தல் முறையைத் திருத்தினார்கள், அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை 2018 இல் பாராளுமன்றத்தில் தோற்றது, அன்றைக்கு விழுந்த முடிச்சு அவிழாமலே கிடக்கிறது, அதனால் தேர்தலும் நடக்கவில்லை. முறை மாறினால் நான் மேலே சொன்ன கணக்கும் மாறும், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் எனக்கு அதுதான் பயம். நகையை அடகு வைக்க வேண்டாம், நுண்கடன் எடுக்கவே வேண்டாம். 2023 ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு உண்டு, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் கணக்குக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் குற்றம். “மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம்” என்பவர் உங்களுக்காக நீதிமன்றத்தில் வந்து நிற்க மாட்டார். சங்கத்தில் பற்றுச்சீட்டு வைத்துப் பழகிய கை உங்களுடையது, அதே பழக்கம் போதும். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். 2025 உள்ளூராட்சித் தேர்தலில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒழுங்காக இல்லை என்று பட்டியல்கள் நிராகரிக்கப்பட்டு விஷயம் நீதிமன்றம் வரை போனது, ஆகவே உங்கள் வேட்புமனுப் பத்திரத்தை நீங்களே வாசியுங்கள்.

மாமியோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவர் பார்த்த காலம் அப்படி, அரசியல் என்று போனவர் வீடு திரும்பாத நாட்களைக் கண்டவர். பயத்தைப் பயமென்று ஒத்துக்கொண்டு, இரவுக் கூட்டத்துக்கு யாரோடு போவீர்கள், பிள்ளைகள் இருந்தால் யார் பார்ப்பது என்று அவரையே கேளுங்கள். முதல் கூட்டத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அதற்கு முன் கட்சிக்காரரைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி: என் பகுதிக்கு இன்னொரு வேட்பாளரையும் போடுகிறீர்களா? துண்டுப்பிரசுரத்தில் என் இலக்கத்தோடு வேறு எந்த இரண்டு இலக்கம் வரும்? பதிலை எழுத்தில் கேளுங்கள். அவர் தந்தால் எனக்கும் எழுதுங்கள், அதை வைத்து மேலே பேசலாம்.