தென்னந்தோப்பில் விழுந்த பயிற்சி விமானம்: இழப்பீடு யாரிடம் கேட்பது?

கேள்வி: விமான ஓடுதளத்தை ஒட்டி என் பெயரில் தென்னந்தோப்பு இருக்கிறது. சென்ற வாரம் பயிற்சி விமானம் ஒன்று விழுந்ததில் ஒன்பது மரங்கள் முறிந்தன. மோட்டார் அறையும் இடிந்தது. விமானத்தில் இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். நிறுவனத்தார் இருபதாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். விமானத்தின்மேல் வழக்குப் போட முடியாது என்றும் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: அம்மா, அந்தத் தாளில் இப்போது கையெழுத்திடாதீர்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற ஒரு வரி அதில் இருந்தால், பிறகு நீதிமன்றத்தில் அதைத் தாண்டி வருவது கடினம்.

அவர்கள் சொன்னதில் பாதிதான் உண்மை. நியாயமான உயரத்தில் பறப்பதை மட்டும் காரணமாக்கி அத்துமீறல் என்று வழக்குத் தொடர முடியாது என்பது 1934 ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் 17 ஆவது பிரிவாக இருந்தது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் என்ற புதிய விமானச் சட்டம் நடைமுறையில் உள்ளது. விழுந்து மரத்தை முறிப்பது அந்தப் பாதுகாப்புக்குள் வராது. 1972 ஆம் ஆண்டு வான்வழிப் போக்குவரத்துச் சட்டம் பயணிகளுக்கும் சரக்குக்குமானது என்பதால், தரையில் இருந்த உங்களுக்கு உரிமையியல் நீதிமன்றமே வழி. ஓட்டியவர் மாணவரே ஆனாலும், அவரைப் பறக்க அனுப்பிய நிறுவனத்தையே முதன்மைப் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும்.

அரசு விசாரணை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதன் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. உங்கள் இழப்பை அது கணக்கிடாது. விமானச் சிதைவுகளைத் தொடாமல், அதிகாரிகள் கட்டிய தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நின்று ஒவ்வொரு மரத்தையும் தேதியோடு படமெடுங்கள். இத்தகைய சிறு விமானங்கள் பலவற்றில் ஊற்றும் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். வழக்கமாக அது வெளிர்நீல நிறத்தில் இருக்கும். மண்ணில் நீலக்கறையோ பெட்ரோல் வாடையோ தெரிந்தால், அதிகாரிகளிடம் சொல்லிவிட்டு மண்ணையும் கிணற்று நீரையும் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (நிலத்தின் பயிர் விவரப் பதிவேடு) நகலும் சேதச் சான்றும் கேளுங்கள். காய்க்கும் தென்னைக்கு விறகு விலை போடுவது அநியாயம். அது இன்னும் எத்தனை ஆண்டு காய்க்கும் என்பதைத் தோட்டக்கலை அலுவலர் மதிப்பிட்டுத் தரட்டும். பின்னர் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பி, விமானத்தின் மூன்றாம் நபர் காப்பீட்டு விவரத்தையும் கேளுங்கள். வழக்குத் தொடர மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இந்த வாரமே மனுக் கொடுங்கள்.