இதயச் செல் துடிக்கிறது, சரி. அதனால் ஆபத்தில்லை என்று ஆகிவிடுமா?

ஏற்காடு காபித் தோட்டங்களில் அடிக்கும் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தைச் சுண்டெலிக் கரு ஸ்டெம் செல்லில் (எந்த உறுப்பின் செல்லாகவும் வளரக்கூடிய செல்) போட்டும், 10-ஆம் நாள் அவை இதயச் செல்களாகித் துடித்தன. ‘கர்ப்பிணிகளுக்கு ஆபத்தில்லை’ என்று புராஜெக்ட்டில் எழுதலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே. செல் வளர்த்த தட்டில் கல்லீரல் இல்லையே! இந்த மருந்தை வீரியம் கூடிய ‘ஆக்ஸான்’ (oxon) என்ற வேதிப்பொருளாக மாற்றுவது பெரும்பாலும் கல்லீரல் நொதிகள்தான். ஆக்ஸானையே தனியாக வாங்கிச் சோதியுங்கள்.

அப்புறம், இதில் கவலையே மூளை வளர்ச்சி பற்றித்தான். இதயத் துடிப்பு அதைச் சொல்லாது. நரம்புச் செல்லாக வளர்த்துப் பாருங்கள், முடிந்தால் மனித ஸ்டெம் செல்லில். கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு மாத்திரை சுண்டெலிக் குட்டிகளை விட்டுவிட்டு மனிதக் குழந்தைகளின் கைகால்களைத்தானே முடக்கியது?

சேலத்தில் இதற்கெல்லாம் வசதி கிடைக்காவிட்டால், ‘சோதித்த அளவுகளில் இதயச் செல் உருவாவதைத் தடுக்கவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள். வழிகாட்டி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.