12 வோல்ட் வருகிறது, லைட் மட்டும் ஏன் மங்கல்? பைக் ஒயரிங் கேள்வி-பதில்

கேள்வி: சார், ஹெட்லைட் ஒயரில் மீட்டர் வைத்தால் 12.4 வோல்ட் காட்டுகிறது. பல்பும் புதுசு. ஆனாலும் மங்கலாகத்தான் எரிகிறது.

பதில்: பல்பைக் கழற்றிவிட்டு அளந்திருப்பீர்கள். பலரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். மல்டிமீட்டர் ஒயரிலிருந்து மின்சாரத்தை இழுப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். உள்ளே எல்லா இழையும் அறுந்து ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டருக்கு 12.4 தெரியும். 35 வாட் பல்பு 3 ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த ஒற்றை இழையின் குட்டு உடையும்.

அதனால் பல்பை மாட்டி, எரியவிட்டு அளங்கள். சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவில் வையுங்கள். கறுப்பு முனையை ஹெட்லைட் ஹோல்டரின் பாசிட்டிவ் பின்னில் தொடுங்கள். வழியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று மீட்டரே சொல்லிவிடும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. ஒன்றரை, இரண்டு என்று வந்தால் கறுப்பு முனையை பேட்டரி பக்கமாக ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள்: டிம்-பிரைட் ஸ்விட்ச், சாவி ஸ்விட்ச், பியூஸ் ஹோல்டர். எதைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ, கோளாறு அங்கேதான். எர்த் பக்கத்தையும் விடாதீர்கள். ஹோல்டரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் பச்சை ஒயர்தான் எர்த்.

பழைய ஸ்ப்ளெண்டராக இருந்தால் கதை வேறு. அதன் ஹெட்லைட், எஞ்சினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து நேராக ஏசியில் எரியும். எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: செல்ப் பட்டனை அழுத்தினால் 'டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரி 12.6 இருக்கிறது.

பதில்: ஓய்வில் 12.6 என்பது நல்ல எண்தான். ஆனால் பட்டனை அழுத்திக்கொண்டே பாருங்கள். 9.5க்குக் கீழே போனால் முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள். 12க்கு மேலேயே நின்றால், மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. அப்போது ஒரு முனையை பேட்டரியின் ஈய முனை மேலேயே குத்துங்கள், இன்னொன்றை அதில் மாட்டியிருக்கும் டெர்மினல் மேல் வையுங்கள். பட்டனை அழுத்தும்போது அந்த அரை இஞ்சிக்குள் ஒரு வோல்ட் தொலைந்தால், நடுவில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். வெந்நீர் ஊற்றித் தேய்த்து, காயவைத்து, இறுக்கிவிட்டால் போதும். அங்கே சரியாக இருந்தால் இதே சோதனையை செல்ப் ரிலேயின் (பட்டனை அழுத்தியதும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கு நடுவே செய்யுங்கள்.

கேள்வி: புதுப் பேட்டரி போட்டும் ஒரே மாதத்தில் இறங்கிவிட்டது. ஆர்ஆர் யூனிட்டை (காயிலின் ஏசியை டிசியாக்கி, வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் பெட்டி) மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: வாங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் செலவிடுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்து, பேட்டரி முனைகளில் டிசி வோல்ட் பாருங்கள். 13.5 முதல் 14.8 வரை வந்தால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. 15ஐத் தாண்டினால் ஆர்ஆர் யூனிட் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

12லேயே நின்றால், முதலில் மேக்னட் காயிலிலிருந்து வரும் கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்) பிரித்துப் பாருங்கள். நானே இதில் ஏமாந்திருக்கிறேன். என் வண்டிக்குப் புது ஆர்ஆர் யூனிட் வாங்கிப் போட்டும் சார்ஜ் ஏறவில்லை. கடைசியில் கப்ளரைப் பிரித்தால், மூன்று மஞ்சள் ஒயர்களில் ஒன்றின் பின் மட்டும் காப்பிப்பொடி நிறத்தில் கருகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகிப் போயிருந்தது. அந்தப் பின்னை மாற்றியதும் 14.2 வந்தது.

கப்ளர் நன்றாக இருந்தால், அதைப் பிரித்தே வைத்து எஞ்சினை ஓட்டி, மஞ்சள் ஒயர்களை இரண்டிரண்டாக ஏசியில் அளங்கள். மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். எஞ்சினை அணைத்தபின், மீட்டரை 'பீப்' சத்தம் தரும் கன்டினியூட்டி சோதனையில் வைத்தால், எந்த மஞ்சள் ஒயரும் எஞ்சின் பாடியோடு 'பீப்' அடிக்கக் கூடாது. அடித்தால் காயில் போய்விட்டது.

கேள்வி: நான்கு நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி காலியாகிறது. சார்ஜிங் சரியாக இருக்கிறது.

பதில்: சாவியை ஆஃப் செய்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் வையுங்கள். சில மில்லிஆம்பியர் போனால் கவலை இல்லை. 50 போனால் 5 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 100 மணி நேரம்தான் ஆயுள், உங்கள் நான்கு நாள் கணக்கு அதுதான். பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதில் எண் விழுகிறது என்று பாருங்கள். பேட்டரியில் நேராக மாட்டிய மொபைல் சார்ஜர், ஜிபிஎஸ் இருந்தால் அவற்றிலிருந்து தொடங்குங்கள். மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது செல்ப் பட்டனைத் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: பியூஸ் போட்டதும் போய்விடுகிறது.

பதில்: பெரிய பியூஸ் போடாதீர்கள், ஒயரிங்கே எரியும். பியூஸ் இடத்தில் ஒரு 21 வாட் பிரேக் பல்பை மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அது பளிச்சென்று எரியும். ஹேண்டிலைத் திருப்பி, டேங்க் அடியிலும் சீட் அடியிலும் ஒயர்களை அசைத்துப் பாருங்கள். எங்கே தொட்டதும் மங்குகிறதோ அங்கே டேப்பைப் பிரியுங்கள். ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் உரசித் தோலுரிந்த ஒயர்தான் அதிகம் சிக்கும்.

கேள்வி: விலை குறைந்த மீட்டர் போதுமா?

பதில்: இந்த வேலைகளுக்குப் போதும். ஆனால் பல மலிவு மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு உள்ளே பியூஸ் இருக்காது. ஆம்பியர் பார்த்த கையோடு சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் பேட்டரியில் வைத்தால், நேர் ஷார்ட்.