கூட்டத்தை ஏஐ எழுதித் தருமா? வாசகர் கேள்வி – பதில்

சங்கக் கூட்டத்தைப் போனில் பதிவு செய்து ஏஐ செயலியில் போட்டோம். 'வள்ளம்' (படகு) எல்லாம் 'வெள்ளம்' ஆகிவிட்டது, 'சாளை' (மத்தி மீன்) 'சாலை' ஆகிவிட்டது. காசு கட்டி வாங்கும் செயலிக்கு மாறினால் சரியாகுமா?
– மீனவர் சங்க நிர்வாகி, குளச்சல்

இப்போதே காசு செலவழிக்க வேண்டாம். பிழையில் பெரும்பகுதி பதிவு செய்யும்போதே விழுந்துவிடுகிறது, அதை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. தகர ஷீட் கூரையும் மின்விசிறியும் உள்ள கூடத்தில் பின்வரிசைக்காரர் பேசுவது எதிரொலியோடு கலங்கித்தான் போனுக்கு வந்து சேரும். மைக் வைத்துக் கூட்டம் நடத்துகிறீர்கள் என்றால், ஆம்ப்ளிஃபயரில் ரெக்கார்ட் அவுட் (பதிவுக்கென ஒலியை வெளியே எடுக்கும் துளை) இருக்கிறதா என்று மைக்செட்காரரிடம் கேளுங்கள். அதிலிருந்து நேரடியாக எடுக்கும் பதிவுக்கு ஈடு கிடையாது. அது இல்லாவிட்டால் இரண்டு போன் வையுங்கள்: ஒன்று மேடையில், ஒன்று கூட்டத்தின் நடுவில். மேசையில் கை படும் சத்தம் ஏறாமல் இருக்க, மடித்த துண்டின்மேல் போனை வையுங்கள். ஏரோபிளேன் மோடில் போட மறக்க வேண்டாம். அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு அப்படியே நின்றுவிடும்.

'ஹை குவாலிட்டி', ஸ்டீரியோ எல்லாம் தேவையில்லை. இன்று பல செயலிகளுக்கு அடியில் ஓடும் 'விஸ்பர்' (பேச்சை எழுத்தாக்கும் ஏஐ) எதைக் கொடுத்தாலும் 16 கிலோஹெர்ட்ஸ் மோனோவாக (ஒற்றை ஒலித்தடமாக) மாற்றிக்கொண்டுதான் கேட்கிறது. 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 எம்பி வரும். 25 எம்பிக்கு மேல் ஏற்காத சேவைகளும் உண்டு. ஆகவே இரண்டு மணி நேரக் கூட்டத்தை ஒலியை வெட்டித் திருத்தும் இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் திறந்து, பேச்சு நிற்கும் இடமாகப் பார்த்து அரைமணித் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிச் சிறு துண்டாக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. விஸ்பருக்கு முன்கூட்டியே ஒரு சொல்பட்டியல் கொடுக்கலாம்: வள்ளம், சாளை, நெத்திலி, கணவாய், தேங்காப்பட்டணம், கடியப்பட்டணம், சங்கத்துக்காரர்களின் பெயர்கள். அதன் கொள்ளளவு 224 டோக்கன்தான் (டோக்கன் என்பது ஏஐ சொல்லை உடைத்துப் படிக்கும் சிறு துணுக்கு). ஒரு தமிழ்ச் சொல்லே பல டோக்கனாக உடைவதால் 15, 20 சொல்லோடு நிறுத்துங்கள். அளவு மீறினால் பட்டியலின் தொடக்கம்தான் வெட்டுப்படும். பட்டியலின் பிடி பதிவின் ஆரம்பத்தில் பலமாக இருக்கும், போகப் போகத் தளரும். ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாகக் கொடுத்தால் அந்தக் குறை தீரும்.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் நம் குமரி மாவட்டத்துக்கே உரிய ஒரு ஆபத்து மிஞ்சுகிறது. 'அவனுக்க பைசா குடுத்தாச்சு' என்று ஒருவர் சொன்னால், அவனுடைய பங்குப் பணத்தைக் கட்டியாகிவிட்டது என்று பொருள். பொதுத்தமிழ் கேட்டுப் பழகிய கருவி அதை 'அவனுக்கு பைசா குடுத்தாச்சு' என்று எழுதினால், சங்கம் அவனுக்குப் பணம் கொடுத்ததாக ஆகிவிடும். வாசிக்க வாக்கியம் சரியாகவே இருப்பதால் கண்ணில் படாது. எழுத்துப்படியில் 'எனக்கு', 'அவனுக்கு', 'அவளுக்கு' என்று தேடி, பணப் பேச்சுக்குப் பக்கத்தில் வரும் இடம் ஒவ்வொன்றையும் ஒலியோடு ஒத்துப்பாருங்கள்.

யாருமே பேசாத வாக்கியங்கள் எழுத்துப்படியில் வருகின்றன. ஓரிடத்தில் 'நன்றி நன்றி' என்று அரைப் பக்கம். செயலி கெட்டுப்போய்விட்டதா?
– மகளிர் சுய உதவிக்குழுப் பொறுப்பாளர், தக்கலை

கெடவில்லை, இது அந்தத் தொழில்நுட்பத்தின் பிறவிக் குணம். விஸ்பர் ஒலியை 30 வினாடித் துண்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தச் சொல் வரக்கூடும் என்று ஊகித்து எழுதுகிறது. 2022இல் வெளியான முதல் பதிப்பு, இணையத்தில் திரட்டிய 6,80,000 மணி நேர ஒலியையும் அதற்கான எழுத்தையும் வைத்துப் பழக்கப்பட்டது. டீ கொடுக்கும் நேரத்து மௌனத்திலும் சலசலப்பிலும் அது ஊகிப்பதை நிறுத்தாது. நன்றி சொல்லும் வாக்கியங்கள் அங்கேதான் முளைக்கும். எழுதிய வரியையே அடுத்த துண்டுக்கு முன்குறிப்பாக எடுத்துக்கொள்வதால், ஒரு தடவை சிக்கினால் அதே வரியில் சுற்றும்.

ஆடாசிட்டியில் 'ட்ரங்கேட் சைலன்ஸ்' கொடுத்து நீண்ட மௌனத்தைக் குறைத்துவிட்டு, டீ நேரத்தைக் கையால் வெட்டி எடுங்கள். செயலியில் 'விஏடி' என்ற வசதி இருந்தால் போடுங்கள், பேச்சுள்ள பகுதியை மட்டும் அது அனுப்பும். முந்தைய வரிகளைத் தொடரும் தேர்வு இருந்தால் அணைத்துவிடலாம்.

ரப்பர் விவசாயிகள் கூட்டத்தில் விலையும் பாக்கியும்தான் முக்கியம். அதில்தான் தப்பு வருகிறது. சுருக்கம் கேட்டால் முடிவெடுக்காததையும் முடிவு என்று எழுதுகிறது.
– ரப்பர் உற்பத்தியாளர், குலசேகரம்

நூற்றி எழுபத்தஞ்சும் நூற்றி எண்பத்தஞ்சும் காதுக்கு எவ்வளவு நெருக்கம் என்று சொல்லிப் பாருங்கள். கிலோவுக்குப் பத்து ரூபாய் அங்கே போய்விடும். 'ஒண்ணேகால்', 'ஒன்றரை' போன்றவையும் நம்பத் தகாதவை. கூட்டத்திலேயே ஒரு வழக்கம் வையுங்கள்: தொகையைச் சொன்னவுடன் தலைவர் அதை இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லட்டும், 'ஒண்ணு, எட்டு, அஞ்சு' என்று. பேசுகிறவர் முதலில் தம் பெயரைச் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். குரலை வைத்து ஆளைப் பிரிக்கும் வசதி இருக்கிறது, ஆனால் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் அது தடுமாறிவிடும்.

சுருக்கத்தில் வரும் பிழைக்குக் காரணம் நம் 'லாம்'. 'குடோன் பூட்டை மாத்தலாம்' என்பது யோசனையாகவும் இருக்கலாம், முடிவாகவும் இருக்கலாம். 'சுருக்கு' என்று மட்டும் சொன்னால் ஏஐ அதை 'முடிவு செய்யப்பட்டது' என்று எழுதிவிடும். சாட்ஜிபிடியோ ஜெமினியோ, எதில் கொடுத்தாலும் இப்படிக் கேளுங்கள்:

'கீழே உள்ளது கூட்டத்தின் எழுத்துப்படி. இதில் இல்லாத எதையும் சேர்க்காதே. தீர்மானம், பொறுப்பேற்றவரும் நாளும், பணம், முடிவாகாமல் நின்றவை என்று நான்காகப் பிரி. ஒவ்வொன்றுக்கும் நேரக்குறியும், பேசியவர் சொன்ன அதே வாக்கியமும் போடு. மாத்தலாம், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னதைத் தீர்மானத்தில் சேர்க்காதே. பெயரோ தொகையோ தெளிவில்லை என்றால் "சரிபார்க்க" என்று எழுது.'

இதில் உயிரே நேரக்குறிதான். அது இருந்தால் இரண்டு மணி நேரத்தையும் திரும்பக் கேட்க வேண்டியதில்லை, பணமும் தீர்மானமும் வரும் இடங்களை மட்டும் கேட்டால் போதும். எழுத்துப்படி எடுக்கும்போதே நேரக்குறியோடு எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஏஐ அதையும் ஊகித்துப் போட்டுவிடும்.

திருத்தி முடித்த மினிட்ஸை மாதாமாதம் கூகுளின் நோட்புக்எல்எம்மில் சேர்த்து வந்தால், 'குடோன் வாடகையை எப்போது உயர்த்தினோம்?' என்று கேட்கலாம். எந்தக் கோப்பின் எந்த வரியிலிருந்து பதில் எடுத்தது என்பதையும் காட்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண் போட்டுத் தொடங்குங்கள், தானாகவே வரிசைப்படும்.

இணையத்தில் ஏற்றாமல் சொந்தக் கணினியிலேயே செய்ய முடியுமா?
– கூட்டுறவுச் சங்க ஊழியர், நாகர்கோவில்

முடியும். விஸ்பர் இலவசம், ஒரு தடவை இறக்கிக்கொண்டால் இணையம் வேண்டாம். அதில் பல அளவுகள் உண்டு. 'ஸ்மால்' என்ற சிறிய அளவு வேகமாக ஓடும், ஆனால் தமிழுக்குப் போதாது. பெரிய அளவான 'லார்ஜ் வி3' சுமார் 3 ஜிபி, அதன் 'டர்போ' வடிவம் சுமார் 1.6 ஜிபி. 8 ஜிபி ராம் உள்ள, கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் விஸ்பரை இயக்கும் 'விஸ்பர் சிபிபி' என்ற மென்பொருள் ஓடும். பொறுமை வேண்டும், இரவில் போட்டுவிட்டுக் காலையில் எடுங்கள். மொழியை 'தமிழ்' என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். விட்டுவிட்டால் முதல் 30 வினாடியை வைத்து அதுவே தீர்மானிக்கும். களியக்காவிளைப் பக்கத்துக் கூட்டம் மலையாள வாழ்த்தோடு தொடங்கினால் முழுவதும் மலையாள எழுத்தில் வந்து நிற்கும். 'ட்ரான்ஸ்லேட்' போடாதீர்கள், ஆங்கிலத்தில் வரும். 'ட்ரான்ஸ்க்ரைப்' என்பதுதான் நமக்கு வேண்டியது.

பதிவு செய்வதை உறுப்பினர்களிடம் சொல்ல வேண்டுமா? ஆடியோவை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?
– தேனீ வளர்ப்போர் குழுச் செயலாளர், மார்த்தாண்டம்

கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கூட்டம் தொடங்கும்போது அறிவித்து, 'பதிவுக்கு உறுப்பினர்கள் சம்மதித்தனர்' என்று முதல் வரியாக மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள். கடன் தவணை, குடும்பத் தகராறு போன்ற பேச்சு வந்தால் பதிவை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். எப்படியானாலும் கையெழுத்துப் போட்ட தீர்மானப் புத்தகம்தான் ஆவணம், ஏஐ எழுதியது வெறும் நகல்வரைவு. அடுத்த கூட்டத்தில் மினிட்ஸை வாசித்து ஒப்புக்கொண்டதும் ஆடியோவை அழித்துவிடலாம். அதுவரை ஒரே போனில் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் எத்தனை போனில் இறங்கியது என்று தெரியாது, எல்லாவற்றிலிருந்தும் அழிக்கவும் முடியாது. குழுவில் மினிட்ஸை மட்டும் போடுங்கள்.